பெயரில்லாச் செய்திகளும் பாட்டிலுள்ள பெயர்களும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் பழைய இதழ்களை வாசித்தல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடுவதும் கண்மாய்கள் நிறைவதும் மழையைப் பொறுத்தவை. கைத்தறியாலும் மல்லிகையாலும் அருப்புக்கோட்டை அறியப்படுகிறது. திருமேனிநாதர் கோயிலாலும், 1879இல் இரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதாலும் திருச்சுழி அறியப்படுகிறது. இவ்வட்டாரத்தின் வரலாறாக எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கோயில்களையும் சேதுபதிகளின் கொடைகளையும் வணிகச் சமூகங்களின் எழுச்சியையும் பற்றியது. மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள், கமலைக்குத் தோல் தைத்தவர்கள், சாவுச் செய்தி சுமந்து ஊர் ஊராக நடந்தவர்கள் ஆகியோரின் குடும்ப வரலாறு அதில் இல்லை.

அந்த வரலாற்றைத் தேடுவோருக்குப் பழைய செய்தித்தாள்கள் ஒரு முக்கியமான வாயில். ஆயினும் அவற்றில் தலித் மக்கள் பெரும்பாலும் பெயரின்றியே காணப்படுகிறார்கள். நிகழ்ச்சி இருக்கும், நாள் இருக்கும், ஊர் இருக்கும். மனிதரின் இடத்தில் ஒரு சாதிப் பெயர் மட்டும் நிற்கும். அந்த மனிதரின் பெயரை ஊரின் பாட்டும் குலதெய்வ வழிபாடும் முதியோர் நினைவும் வைத்திருக்கின்றன. அங்கே நாள் இருப்பதில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வாசித்தால்தான் குடும்பங்களின் வரலாறு கைக்கு வரும் என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

ஆவணங்கள் மெலிந்த நிலம்

1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இவ்வட்டாரம் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் பிரிக்கப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. அரசு நேரடியாக வரி வாங்கிய இரயத்துவாரிப் பகுதிகளில் நிலவரித் திட்டப் பதிவேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிராமந்தோறும் உருவாயின. ஜமீன் கிராமங்களிலோ கணக்கு ஜமீனின் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே அரசின் நேரடி நில அளவையும் வரித்திட்டமும் இங்கு முழுமையாக வந்தன. பட்டாவே இல்லாமல் பிறர் நிலத்தில் உழைத்த குடும்பங்களுக்கு அப்பதிவேடுகளிலும் இடமில்லை. ஆகவே இங்கே செய்தித்தாளின் நான்கு வரிக் குறிப்புக்கும் பிற பகுதிகளில் இல்லாத மதிப்பு உண்டு.

இதழ் நடத்திய ஊர்

அருப்புக்கோட்டை இதழியல் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1919 முதல் ‘நாடார் குல மித்திரன்’ என்னும் இதழை சூ. ஆ. முத்து நாடார் இவ்வூரிலிருந்து நடத்தினார். அதன் பின்னணியை அறிய வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை சார்பு நீதிமன்றம் 1899இலும் சென்னை உயர் நீதிமன்றம் 1901இலும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது. இதற்கிடையே 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது.

தோற்ற பின்னர் அச்சமூகம் சங்கம் கண்டது, பள்ளிகள் கட்டியது, இதழ்கள் தொடங்கியது. உறவின்முறையும் மகமை நிதியும் அதற்குப் பொருள் தந்தன. 1921இல் அரசு ஆவணங்களில் ‘சாணார்’ என்பது ‘நாடார்’ என மாற்றப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார்களைப் பற்றிய நூலை எழுதியபோது, அவர்களின் சங்க வெளியீடுகளும் இதழ்களும் வழக்குப் பதிவுகளும் அவருக்குச் சான்றுகளாகப் பயன்பட்டன. ஒரு சமூகம் தன் கூட்டங்களையும் தீர்மானங்களையும் பெயர்களோடு அச்சில் விட்டுச் சென்றால், ஐம்பதாண்டுகளுக்குப் பின் அதன் வரலாறு எழுதப்படக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே மண்ணில் வாழ்ந்த பள்ளர், பறையர், அருந்ததியர் மக்களுக்கு மகமையும் இல்லை, அச்சகமும் இல்லை. பிரிவி கவுன்சில்வரை வழக்காடும் பொருளும் இல்லை. பிறர் நடத்திய இதழ்களில், பிறர் தேவையாகக் கருதியபோது மட்டும் அவர்கள் செய்தியானார்கள்.

தலித் இதழ்களின் எல்லை

தமிழில் தலித்துகள் இதழ் நடத்தவில்லை என்று இதற்குப் பொருளாகாது. 1869இன் ‘சூரியோதயம்’ தொடங்கி நீண்ட வரிசை ஒன்று உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி 1900வரை நடத்தினார். அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907 ஜூன் 19இல் தோன்றி, பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் மாறி 1914வரை அவரால் நடத்தப்பட்டது. இந்த வரிசையை ஜெ. பாலசுப்பிரமணியம் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்னும் நூலில் 1869 முதல் 1943 வரையிலான காலத்திற்குத் தொகுத்துள்ளார். இவற்றின் முதன்மைக் களங்கள் சென்னையும் கோலார் தங்கவயலும் ஆகும். தெற்கே வறண்ட நிலத்துக் கிராமத்தின் அன்றாடம் அவற்றில் அரிதாகவே பதிந்திருக்க முடியும். மேலும் தொடக்ககால இதழ்கள் சிலவற்றின் படிகளே கிடைப்பதில்லை. அரசு தனக்கெனத் தயாரித்த சுதேச இதழ்ச் செய்தி அறிக்கைகளில் உள்ள மொழிபெயர்ப்புச் சுருக்கங்கள் வழியாகவே அவற்றுள் சிலவற்றை அறிகிறோம். இவ்வறிக்கைகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கிறித்தவ மிஷன் வெளியீடுகள் மற்றொரு வழி. அமெரிக்க மதுரை மிஷனுக்குத் திருச்சுழியை அடுத்த மண்டபசாலையில் ஒரு நிலையம் இருந்தது. அம்மிஷனின் ஊழியர்கள் எழுதிய கடிதங்கள் பாஸ்டனிலிருந்து வெளியான ‘மிஷனரி ஹெரால்டு’ இதழில் அச்சாயின. பசுமலையிலிருந்து ‘சத்தியவர்த்தமானி’ என்னும் தமிழ் இதழும் வெளிவந்தது. மதம் மாறிய குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் துணை நிற்கும். தந்தை பெயருடன் ஒரு தலித்தின் பெயர் எழுத்தில் ஏறிய மிகப் பழைய இடம் பல ஊர்களில் அதுவே.

ஒரே ஆண்டுப் பெயர், இரு நிகழ்ச்சிகள்

வாய்மொழி வழக்கு நிகழ்ச்சிகளைத் தமிழ் ஆண்டுப் பெயரால் நினைவில் வைக்கிறது. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம் இன்றும் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே சொல்லப்படுகிறது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். கமுதிக் கோயில் நுழைவு நிகழ்ந்த 1897 ஹேவிளம்பி ஆண்டு. பரமக்குடியில் இமானுவேல் சேகரன் படுகொலை செய்யப்பட்ட 1957உம் ஹேவிளம்பியே. ‘ஏவிளம்பி வருஷத்துக் கலகம்’ என்று ஒரு மூதாட்டி கூறினால், அவர் எதைக் குறிக்கிறார் என்பதை வேறு சான்று கொண்டே துணிய வேண்டும். ஆட்சியர் யார், ரயில் வந்திருந்ததா, வானொலி இருந்ததா என்பன போன்ற துணைக் கேள்விகள் உதவும். உறுதி செய்வது அந்நாளைய செய்தித்தாள்தான்.

கண்மாய் உடைப்பு, ஊரழித்த காலரா, தீ விபத்து, கொலை ஆகிய அனைத்திற்கும் இம்முறை பொருந்தும். செய்தித்தாளுக்கும் நாட்டார் பாட்டுக்கும் நேரடித் தொடர்பும் இருந்தது. பரபரப்பான கொலைகளும் வெள்ளங்களும் நிகழ்ந்தவுடன் சிந்துகளாகப் பாடப்பட்டு, மலிவுத் தாளில் அச்சாகி, சந்தைகளிலும் ரயில் நிலையங்களிலும் விற்கப்பட்டன. குஜிலி நூல்கள் எனப்பட்ட இவற்றின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் எழுதியுள்ளார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இவற்றைக் கேட்டு மனப்பாடம் செய்தனர். இன்று வாய்மொழிப் பாட்டாகக் கிடைக்கும் ஒன்றின் மூலம் ஒரு காலணா நூலாகவும் இருக்கக்கூடும்.

1930களும் 1957உம்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் தலித்துகள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூச்சூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பன அவற்றுள் சில. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் பதிவு செய்ததால் இச்செய்தி உலகறிந்தது. முதலில் சட்டை அணிந்தவர் யார், எரிந்த குடிசை யாருடையது என்பவற்றை அவர் பதிவு கூறவில்லை. அவர்களும் ஒருவருக்குத் தாத்தா, பாட்டிகளே. எதிர்த்து நின்ற ஒருவரின் வழிவந்தோம் என்று அக்குடும்பம் அறிவது அதன் உரிமை.

1957இன் நிலை வேறு. ஜூலை இடைத்தேர்தலுக்குப் பின் பகை முற்றியது. செப்டம்பர் 10இல் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் நடந்தது. மறுநாள் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்தை அன்றைய நாளேடுகள் விரிவாக வெளியிட்டன. வரலாற்றாசிரியர் கா. அ. மணிக்குமார் இக்கலவரத்தைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். தலைவர்களின் அறிக்கைகளும் சட்டமன்ற விவாதங்களும் நமக்கு முழுமையாகக் கிடைக்கின்றன. சிற்றூர்களில் இறந்தோரும் வீடிழந்தோரும் எண்ணிக்கைகளாக மட்டும் கிடைக்கிறார்கள். அந்த எண்களுக்குரிய பெயர்களை ஊர்வாரியாகத் திரட்டும் பணி இன்றும் தேவையாகவே உள்ளது. அந்நாளில் பத்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது.

தேடும் முறை

முதலில், வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மாசிக் களரியில் ஒன்றுகூடும் பங்காளிகள் யார், எந்த ‘வகையறா’ என்று அழைக்கப்படுகிறார்கள், பீடங்களுள் எது கொலையுண்டவருக்குரியது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வகையறாவின் பெயர் பல நேரங்களில் நான்கைந்து தலைமுறைக்கு முந்திய முன்னோரின் பெயரே. பெண் கொடுத்த ஊர்களையும் எடுத்த ஊர்களையும் எழுதினால், தேட வேண்டிய கிராமங்களின் பட்டியல் கிடைக்கும்.

அடுத்து, காலத்திற்கேற்ற சொல்லை அறிய வேண்டும். 1922க்கு முந்திய தாள்களில் ‘பஞ்சமர்’ என்னும் சொல்லும் சாதிப் பெயர்களும் வரும். அவ்வாண்டு எம். சி. ராஜாவின் தீர்மானத்தையொட்டி அரசு ‘ஆதிதிராவிடர்’ என்பதை ஏற்றது. 1930களின் தொடக்கம் முதல் ‘ஹரிஜனங்கள்’ என்பது பெருகுகிறது. இன்று நாம் ஏற்காத சொற்களையும் தேடலுக்காக அறிந்திருத்தல் வேண்டும். ஊர்ப் பெயர்களும் திருச்சுழி, திருச்சுழியல் எனப் பலவாறு எழுதப்பட்டுள்ளன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய னை, லை, றா போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களைக் கணினி தவறாக வாசிக்கக்கூடும். எனவே சொல் தேடலை மட்டும் நம்பாமல், நாள் அறிந்தால் அவ்வாரத் தாள்கள் முழுவதையும் புரட்டுவதே நல்லது.

கடல் கடந்த இதழ்களையும் மறக்கலாகாது. இவ்வட்டாரத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவிற்கும் மக்கள் சென்றனர். சிங்கப்பூர் தேசிய நூலகம் ‘தமிழ் முரசு’ இதழின் பழைய தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. இலங்கைத் தமிழ் வெளியீடுகளை நூலகம் நிறுவனம் மின்னாக்கம் செய்துள்ளது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தம் பூர்வீக ஊரைக் கண்டறிய இவை உதவக்கூடும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் முதன்மையானவை.

எதற்காகத் தேடுகிறோம்

ஓர் எச்சரிக்கை தேவை. வம்சாவளித் தேடல் தமிழகத்தில் ‘ஆண்ட பரம்பரை’ நிரூபணமாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. கமுதி வழக்கில் நாடார்கள் தம்மைச் சத்திரியர் என்று வாதிட்டனர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவ்வாதம் வென்றிருந்தாலும் அதற்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு மூடியே இருந்திருக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளும் நாடாரும் சேர்ந்து நுழைந்த 1939 ஜூலை 8 அன்று எவரும் அரச வம்சத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் தேடுவது அரசர்களை அல்ல. தடையை மீறிச் சட்டை அணிந்தவரையும், உடைந்த கரையில் மண் சுமந்தவரையும், எரிந்த வீட்டை மீண்டும் வேய்ந்தவரையும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆளுக்கொரு சேரியின் முதியோர் நினைவுகளைப் பெயர், தந்தை பெயர், ஊர், வகையறாவோடு பதிவு செய்யலாம்; அதே ஆண்டுகளின் நாளேடுகளை நூலகத்தில் ஒப்பிடலாம். கிடைப்பவற்றின் ஒரு படியைக் கிளை நூலகத்திலும் ஒரு படியை அந்தக் குடும்பத்திடமும் வைக்கலாம். மாவட்ட நிர்வாகமும் நூலகத் துறையும் பழைய தாள்களை மின்னாக்கம் செய்யும்போது சிற்றூர்ச் செய்திகளுக்கு ஊர்வாரி அட்டவணை அமைக்க வேண்டும் எனக் கோருவோம். தாள் காப்பகத்தில் இன்னும் சில காலம் காத்திருக்கும். முதியோரின் நினைவு அவ்வாறு காத்திருக்காது. ஆகவே பதிவுக் கருவியுடன் முதலில் செல்ல வேண்டிய இடம் ஊர்.