கட்டம் இருந்தபோதும் நீங்கியபோதும்

2001இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேவா பேஜர் என்ற சமூகவியல் ஆய்வாளர் நான்கு கல்லூரி இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பர். தகுதியும் அனுபவமும் எல்லாருக்கும் ஒன்றே. ஒவ்வொரு இணையிலும் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையிலிருந்தவராகச் சொல்லிக்கொண்டார். வாரந்தோறும் அந்த வேடம் கைமாறியது. மொத்தம் 350 முதலாளிகள். தண்டனை பெறாத வெள்ளையரை 34 விழுக்காட்டினர் திரும்ப அழைத்தார்கள். தண்டனை பெற்ற வெள்ளையரை 17. கறுப்பருக்கு அவை 14, 5.

நடுவில் நிற்கும் இரு எண்களைப் பாருங்கள். சிறை சென்ற வெள்ளையருக்கு 17, எந்த வழக்கும் இல்லாத கறுப்பருக்கு 14. சிறைவாசம் ஒருவரின் வாய்ப்பைப் பாதியாக்கியது; தோலின் நிறம் அதைவிட அதிகமாகப் பறித்தது.

‘தண்டனை பெற்றதுண்டா?’ என்று கேட்கும் கட்டத்தையே விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டால்? நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் 2015இல் அப்படியொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சட்டத்துக்கு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 15,000 கற்பனை விண்ணப்பங்களை இணையவழி அனுப்பினார்கள். இங்கே முகம் இல்லை, பெயர்தான் இனத்தைக் காட்டியது. ஆகவே இரண்டு ஆய்வின் விழுக்காடுகளையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. போக்கை ஒப்பிடலாம். கட்டம் வைத்திருந்த நிறுவனங்களில் முன்பு வெள்ளையருக்குக் கறுப்பரைவிட 7 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. கட்டம் போனபின் அது 43 ஆனது.

கேட்க வழியில்லாதபோது முதலாளிகள் ஊகித்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். மில்வாக்கியில் கறுப்பரைத் தள்ளிவைத்த அதே ஊகம். வழக்கே இல்லாத கறுப்பு இளைஞருக்கு, ‘இல்லை’ என்று குறிக்கக் கிடைத்த ஒரே இடமும் பறிபோனது. பெரும் அநியாயம் இது.

அந்த ஊகத்தை விதைத்ததில் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் பெரும் பங்குண்டு. போதைப்பொருள் பயன்பாட்டில் இரு இனத்தாருக்கும் பெரிய வேறுபாடில்லை. கைதாவதில் நெடுங்காலமாக உண்டு. கட்டத்தை நீக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தண்டனை முடித்தவரும் பிழைக்க வேண்டுமே. ஆனால் அந்தச் சட்டம் விண்ணப்பத் தாளைத் திருத்தியதே தவிர, யாரைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பது என்று முடிவெடுக்கும் காவலரை அது தொடவேயில்லை.