பச்சிளங்குழந்தை வளர்ச்சி ஆய்வு: தருமபுரி மாவட்டம்

தருமபுரி மாவட்டத்தில் பச்சிளங்குழந்தையைப் பற்றிய முறையான ஆய்வு, பிறந்த பெண் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கியது. குழந்தையின் சிரிப்பும் பேச்சும் வெகுகாலம் கழித்தே கணக்கில் வந்தன. இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் தம் மகனைக் கவனித்து எழுதிய குறிப்புகளை 1877இல் வெளியிட்டார்; மேலைநாட்டில் இந்தத் துறை வளர்ந்தது அத்தகைய வசதியான வீட்டுக் கூடங்களில். இங்கோ அதன் முதல் ஏடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் இறப்புப் பதிவேடு.

குழந்தையின் பருவங்களை மாதக்கணக்கில் வகுப்பது தமிழுக்குப் புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி வளர்ந்த இலக்கிய வகைக்குப் பாட்டியல் நூல்கள் பத்துப் பருவங்களை வகுத்தன. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டையொட்டி முத்தமும் வருகையும், அதன்பின் அம்புலி. நூலுக்கு நூல் கணக்கு சற்று மாறும். இவை புலவர் மரபு. அளந்து பார்த்த முடிவுகள் அல்ல. ஆனாலும் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் குழந்தை, கைகொட்டும் குழந்தை, நடந்து வரும் குழந்தை என்ற வரிசை இன்றைய மருத்துவர் எதிர்பார்க்கும் வரிசைதான். தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்ப்பதைப் பேச்சுக்கு முன்படியாக உளவியலார் கருதுகின்றனர். அம்புலிப் பருவத்தில் நிலாவைக் காட்டிக் கூப்பிடுவதும் அதுவே.

இறப்புப் பதிவேடு

உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலையை 1986இல் இந்தியா டுடே இதழ் வெளிக்கொணர்ந்தது. சேலம், தருமபுரி மாவட்டங்களின் பெயரும் விரைவில் அதோடு சேர்ந்தது. 1992இல் முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. 2001இல் தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் அது வந்தது.

இதற்கிடையே ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் 1997இல் வெளியிட்ட கட்டுரை, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. அந்தப் பதிவேடுகளில் சிசு மரணத்துக்கான காரணங்களில் 'சமூகக் காரணம்' என்பதும் ஒன்று. மஞ்சள் காமாலை, எடைக்குறைவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு ஒரு வரியாக அது நின்றது. எழுதிய கிராம சுகாதார செவிலியருக்கும் படித்த மேலதிகாரிக்கும் அதன் பொருள் தெரியும். காவல் நிலையத்துக்கு மட்டும் அந்தத் தகவல் போகாது. முதல் பெண் குழந்தை பெரும்பாலும் பிழைத்தது. இரண்டாவதாக, மூன்றாவதாகப் பிறந்த பெண்ணுக்கே ஆபத்து அதிகம் என்பதும் அந்தப் பதிவுகளிலிருந்து தெளிந்தது. 1990களின் பிற்பகுதியில், டென்மார்க்கின் உதவி அமைப்பான டேனிடாவின் துணையுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், தருமபுரி ஊர்களில் கலைப்பயணக் குழுக்கள் தெருநாடகம் போட்டன. ஆய்வு செய்தவர்களே ஊர்மக்களைத் திரட்டும் வேலையிலும் இறங்கியது இந்த வரலாற்றில் அபூர்வம். இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண் குழந்தைகள் இருந்தனர், 2011இல் 913. கருவிலேயே பெண்ணை அறிந்து கலைப்பதும் இதே காலத்தில் பரவியதால், இந்த ஏற்றத்தை எந்த ஒரு திட்டத்தின் கணக்கிலும் முழுதாக எழுதிவிட முடியாது.

எடையும் பட்டியலும்

குழந்தை பிழைத்தபின் அடுத்து பார்த்தது எடை. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தது. எளிய, சிக்கனமான முறை. ஊரார் இன்றும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடிகளில் தராசு நிலைத்துவிட்டது. தராசில் தெரியாதவற்றைக் கேட்கும் பழக்கம் அவ்வளவு வேகமாக வரவில்லை.

அதற்கான கருவிகள் வெளியிலிருந்து வந்தன. பரோடாவில் பிரமிளா பாடக், அமெரிக்காவின் பெய்லி அளவுகோலை இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து, முப்பது மாதம் வரைக்குமான அளவுகோலை உருவாக்கினார். உடலியக்கத்துக்கு 67 கூறுகள், மனவளர்ச்சிக்கு 163. பயிற்சி பெற்ற உளவியலாளரும் ஒரு பெட்டி நிறையப் பொருள்களும் இல்லாமல் அதை நடத்த முடியாது. திருவனந்தபுரத்தில் எம்.கே.சி. நாயர் குழுவினர் அதிலிருந்து 17 கூறுகளை மட்டும் பொறுக்கி, 1991இல் ஒரே தாளில் அடங்கும் பட்டியலாக வெளியிட்டனர். கிராமத்துக்கு ஏற்றது இதுதான். தாளில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட செயல்களை எல்லாம் குழந்தை செய்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் போதும், ஐந்தாறு நிமிட வேலை.

முகம் பார்த்துச் சிரிப்பது பட்டியலின் முதல் கூறு. இடையில் ஆங்கிலேயக் குழந்தைகளின் கைதட்டல் விளையாட்டு ஒன்று வருகிறது. சப்பாணி கொட்டும் குழந்தைக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. கடைசிக் கூறு பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது. தருமபுரியின் சித்தேரி மலையில் பொம்மை இல்லாத வீட்டில் வளரும் குழந்தையிடம் இதைக் கேட்பது நியாயமா என்று யாரும் கேட்கலாம். அம்மாவின் மூக்கைக் காட்டச் சொன்னால் அது உடனே காட்டிவிடும்.

மனவெழுச்சி

தாயன்பு இழந்த குழந்தைகளைப் பற்றி ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை இந்தத் துறையின் திருப்புமுனை. 2000இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில், விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பித் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினர். தொட்டில் குழந்தைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. அவகாசம் தேவைதான். ஆனால் அந்த இரண்டு மாதம் பச்சிளங்குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கக் கற்கும் காலம். காப்பகத்தில் யார் முகத்தைப் பார்க்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

பெற்ற வீட்டிலேயே வளரும் பெண் குழந்தையின் கதைக்கு வேலூர் மாவட்டம் சான்று தருகிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப்பின் 11 சதவீதப் பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்தது தெரிந்தது. வறுமை, மாமியாரோடு மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவற்றோடு, ஆண் வேண்டுமென்று இருந்தபோது பெண் பிறந்ததும் ஒரு காரணம். தாயின் மனச்சோர்வுக்கும் குழந்தையின் ஊட்டக்குறைவுக்கும் தொடர்பு உண்டென அதே கல்லூரியின் 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கொலை நின்ற வீட்டிலும் இறப்புப் பதிவேட்டின் 'சமூகக் காரணம்' என்ற வரி வேறு உருவில் தொடர்கிறது என்று இதைப் படிக்கலாம்.

தாயும் சேயும் முகத்தோடு முகம் பார்த்துக் கொஞ்சுவதை வைத்தே பாசத்தை அளக்கும் மேலைநாட்டு முறைக்கு ஒரு தடையும் இங்கு உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட நூல், அன்பை மறைத்து வைப்பதும், பெற்றவளே ஆசையாக உற்றுப் பார்த்தால் கண்பட்டுவிடும் என அஞ்சுவதும் அன்பின் முறைகளே என்று காட்டியது. பாட்டி, அத்தை, அக்கா எனப் பல இடுப்பு மாறும் குழந்தையிடம் தாயை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை பாதியைத்தான் சொல்லும்.

பேச்சு

தமிழ்க் குழந்தையின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்த முன்னோடிகளில் ஒருவர் கணினித்துறைக்காரர். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய ஆர். நரசிம்மன், மொழியை மனிதர் எப்படிக் கற்கிறார் என்ற கேள்விக்காக ஒரு குழந்தையின் உரையாடல்களை ஒன்பதாம் மாதம் முதல் முப்பத்து மூன்றாம் மாதம் வரை தம் குழுவினரோடு சேர்த்துத் தொகுத்தார். உலகக் குழந்தைமொழித் தொகுப்பான சைல்ட்ஸில் அது இருக்கிறது. குழந்தைகள் மறுப்பதையும் கேள்வி கேட்பதையும் தமிழில் எப்படிப் படிப்படியாகக் கற்கின்றனர் என்று ஆர். வைத்தியநாதன் 1988, 1991ஆம் ஆண்டுகளில் எழுதினார். இரண்டு வயதுக் குழந்தைகள் விகுதிகளை ஏறக்குறையப் பிழையின்றிச் சேர்க்கின்றனர் என ராகவேந்திரா, லெனார்ட் இருவரும் 1989இல் காட்டினர். ஒட்டுமொழியான துருக்கியிலும் அப்படியே.

ஒலியைப் பொறுத்தவரை கனடாவின் வெர்க்கர், டீஸ் இருவரின் 1984ஆம் ஆண்டுச் சோதனை தமிழருக்கு எளிதில் விளங்கும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் நாமடி ஒலியையும் பல்லொலியையும் பிரித்தறிந்தனர். ஓராண்டு நெருங்கும்போது அந்தத் திறன் மங்கியது. நம் வீட்டுக் குழந்தைக்கு 'பாட்டி'யும் 'பாத்தி'யும் நாள்தோறும் காதில் விழுவதால் அது மங்குவதில்லை. தருமபுரியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. அங்கே குழந்தை இரண்டு மொழியில் ஐந்தைந்து சொல் வைத்திருக்கும். தமிழில் மட்டும் எண்ணினால் பின்தங்கியதாகத் தோன்றும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பதே முறை.

பேச்சு தாமதமானால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் திருமணம் வழக்கமான பகுதியில் பிறவிக் கேளாமை கூடுதலாக வரும். சென்னையில் 1969இல் தொடங்கிய பாலவித்யாலயா, கேளாக் குழந்தைக்கு மூன்று வயதுக்கு முன்பே பயிற்சி தொடங்கினால் பேச்சு வரும் என்று நடத்திக் காட்டியது. காது உள்கருவி அறுவை சிகிச்சை முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கண்டுபிடிப்பதில்தான் காலம் போகிறது.

பேச்சைத் தாண்டி முழு வளர்ச்சியையும் பார்த்த முயற்சிகளும் உண்டு. வேலூரில் 2010இல் தொடங்கி, எட்டு நாடுகளில் ஒரே முறையில் நடந்த மால்-எட் ஆய்வு, பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, குடல் தொற்று, இரத்தத்தில் ஈயம், இரும்புச்சத்துக் குறைவு, வீட்டில் கிடைக்கும் தூண்டுதல் ஆகியவற்றை வளர்ச்சியோடு இணைத்துப் பார்த்தது. 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்து, மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை ஏற்படுத்தியது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2014 நவம்பரில் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தது மாநிலத்தையே உலுக்கியது. அவர்களில் பலர் எடை குறைந்து பிறந்தவர்கள். அத்தகைய எடையோடு பிறந்து பிழைத்து வீடு திரும்பும் குழந்தைகள்தாம் இந்த மையங்களுக்கு முதலில் வர வேண்டியவர்கள்.