0.401 பெரிதா, 0.301 பெரிதா?

பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்றால் கிரிக்கெட்டைப் போல ஓட்டக் கணக்கு அல்ல. மட்டை பிடித்த முறைகளில் எத்தனை முறை ஹிட் (அடித்த பந்தால் பத்திரமாகப் பேஸை எட்டுவது) கிடைத்தது என்ற விகிதம். பத்துக்கு மூன்று, அதாவது 0.300 எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்று பெயர். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெர்ரி 1930-இல் 0.401 எடுத்தார். நேஷனல் லீக்கில் அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் 0.400-ஐத் தொடவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி 1968-இல் வெறும் 0.301 எடுத்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார். பார்த்த மாத்திரத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் அந்தந்த ஆண்டின் லீக் சராசரியைப் பக்கத்தில் வைத்தால் தூரம் காணாமல் போகிறது. 1930-இல் நேஷனல் லீக் முழுவதுமே 0.303 அடித்தது, 1968-இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.230. டெர்ரி தன் காலத்தவரைவிட 32 சதவீதம் மேலே நின்றார், யாஸ்ட்ரெம்ஸ்கி 31 சதவீதம்.

லீக் சராசரி இப்படி ஏறி இறங்குவது ஆட்டக்காரர்களின் திறமையால் மட்டுமல்ல. 1930-இல் நேஷனல் லீக்கின் எட்டு அணிகளில் ஆறு 0.300-ஐத் தாண்டின. அவற்றில் ஒன்றான பிலடெல்பியா பில்லீஸ் 0.315 அடித்தும் 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்தில் முடிந்தது. பந்து வீசும் அதன் பிட்சர்கள் அந்த அளவுக்கு அடி வாங்கினார்கள். மறு ஆண்டு பந்தின் தையலைப் புடைப்பாக்கினார்கள், பிட்சரின் விரலுக்குப் பிடி கிடைத்தது, லீக் சராசரி 0.277-க்கு இறங்கியது. டெர்ரியும் 0.349-க்கு இறங்கினார். 1968-இன் வறட்சிக்கும் காரணம் உண்டு. பிட்சரின் பந்து செல்லுபடியாகும் உயரமான ஸ்டிரைக் எல்லையை 1963-இல் தோள்வரை உயர்த்தியிருந்தார்கள். பிட்சர் நிற்கும் மேடோ 15 அங்குல உயரம். 1969-இல் எல்லையைச் சுருக்கி, மேட்டை 10 அங்குலமாக வெட்டியதும் அமெரிக்கன் லீக் சராசரி 0.246 ஆயிற்று. ஐந்து அங்குல மண் செய்த வேலையை மட்டைக்காரர்களின் பெருமையாகவோ சிறுமையாகவோ எழுதிவைப்பது என்ன நியாயம்?

மறுப்புகள் இல்லாமல் இல்லை. யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு மட்டைக்காரர்களுக்குச் சாதகமான ஃபென்வே பார்க் சொந்த மைதானமாக இருந்ததே என்பார்கள். உண்மைதான், மைதானத்தின் பங்கையும் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் பேட்டிங் சராசரி கணக்கில் கொள்ளாத ஒன்றும் உண்டு: அந்த ஆண்டு அவர் 119 முறை நான்கு பால் (எல்லைக்கு வெளியே வீசப்பட்ட நான்கு பந்துகள்) பெற்று முதல் பேஸுக்கு நடந்தார். அதைவிடக் கனமான மறுப்பு வேறு. லீக் பலவீனமாக இருந்தால் அதன் சராசரியைவிட மேலே நிற்பது எளிதாகிவிடாதா? ஆகும். 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இந்த லீக்குகளின் கதவு சாத்தியே இருந்தது. சாட்செல் பெய்ஜ் போன்ற பிட்சரை டெர்ரி ஒரு லீக் ஆட்டத்தில்கூட எதிர்கொள்ள நேரவில்லை. கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளை 2024-இல் பெரிய லீக் ஏடுகளில் சேர்த்தபோது, வாழ்நாள் சராசரியில் டை காப்பின் 0.367-ஐ ஜாஷ் கிப்சனின் 0.372 பின்னுக்குத் தள்ளியது. ஆகவே இந்த மறுப்பு ஒப்பீட்டு முறையைத் தகர்க்கவில்லை. யாரோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்கவைக்கிறது.

வாழ்நாள் கணக்கில் டெர்ரிக்கு 0.341, யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு 0.285. பின்னவர் 1961 முதல் 1983 வரை 23 பருவங்கள் ஆடியவர். மட்டைக்காரர்களுக்கு ஆகாத அறுபதுகள் ஏறக்குறைய முழுக்க அதில் அடங்கும். அந்த 56 புள்ளி இடைவெளியில் பெரும்பகுதி காலத்தின் கணக்கு, ஆளின் கணக்கல்ல. 1968-ஐ மட்டும் பேசினால், எல்லா இனத்தவரும் ஆடிய லீக்கில், 31 ஆட்டங்களை வென்ற டென்னி மெக்லெயினைப் போன்ற பிட்சர்களுக்கு எதிரே எடுத்த 0.301-ஐ நான் டெர்ரியின் 0.401-க்கு ஒரு படி மேலேயே வைப்பேன்.