தேசிய அணி காணாத நடுக்கள வீரர்

தென்னாபிரிக்க உதைபந்தாட்ட வரலாற்றை ஆராய்வோர் பற்றிக் ந்சுவெலெங்வேயைப் புறக்கணித்தல் இயலாது. 'ஏஸ்' என அழைக்கப்பட்ட இவர் ஜொகனஸ்பேர்க்குக்கு மேற்கேயுள்ள ரான்ட்பொன்ரீன் பகுதியினர். கைசர் சீவ்ஸ் கழகத்தின் நடுக்கள ஆட்டக்காரர். ஆயினும் அதிகாரபூர்வமான சர்வதேசப் போட்டி ஒன்றிலேனும் அவர் தமது நாட்டுக்காக விளையாடியதில்லை.

இதற்கான காரணம் அவர் களமிறங்குமுன்னரே உருவாகிவிட்டது. 1957 இல் கார்ட்டூமில் நடைபெற்ற முதலாவது ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிக்குப் பல்லின அணியை அனுப்பத் தென்னாபிரிக்கா மறுத்தது. 1961 இல் சர்வதேசச் சம்மேளனம் அதனை இடைநிறுத்தியது. தலைவர் ஸ்ரான்லி றூஸின் ஆதரவால் 1963 இல் தடை நீங்கியபோதும் 1964 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. இதனிடையே 1966 உலகக் கிண்ணத்துக்கு வெள்ளையர் அணியையும் 1970 இல் கறுப்பர் அணியையும் அனுப்பலாம் என வெள்ளையர் சங்கம் யோசனை கூறிற்று. இனவொதுக்கலின் தர்க்கம் எத்தகையது என்பதை விளக்க இவ்வொன்றே போதும்.

அற்லான்ரா சீவ்ஸ் கழகத்தில் ஆடிய கைசர் மோட்டாவுங், அப்பெயரையொட்டியே 1970 இல் தம் கழகத்தை நிறுவினார். அவர் காட்டிய அமெரிக்க வழியிலேயே ஏஸும் சென்றார். 1973 இல் மயாமி, பின்னர் டென்வர், 1976 முதல் மினெசோட்டா, இறுதியில் ரொறன்ரோ என 1984 வரை வட அமெரிக்க லீக்கில் ஆடினார். அங்கு கோடைப்பருவம் முடிந்ததும் தாயகம் திரும்பிக் கைசர் சீவ்ஸுக்கு ஆடுவார். கடல் கடந்த களத்தில் வெள்ளையரோடு ஒரே அணியில் ஆடுவது இயல்பான செயல். தாயகத்திலோ எழுபதுகளின் பிற்பகுதிவரை லீக்குகளே இனவாரியாகப் பிரிந்திருந்தன.

1976 யூனில் சொவெற்றோ மாணவர் மீது பொலிசார் சுட்டனர். அடுத்த மாதம் மொன்றியலில் கூடிய சம்மேளனம் தென்னாபிரிக்காவை முற்றாக வெளியேற்றியது. அது ஏஸ் மினெசோட்டா அணிக்கு ஆடத் தொடங்கிய பருவமாகும்.

புறக்கணிப்பு கறுப்பின வீரரையே தண்டித்தது என வாதிடுவோர் உளர். இவ்வாதம் முழுமையானதன்று. தடைக்கு முன்னர் உலகெங்கும் சென்ற தேசிய அணி வெள்ளையர் அணியே. தடை நீங்கியிருப்பினும் ஏஸுக்கு அதில் இடமிருந்திராது. அவரது வாய்ப்பைப் பறித்தது ஒதுக்கற் கொள்கையே. எனினும் இழப்பு அவருடையது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

1992 யூலையில் டேர்பனில் கமரூனை 1-0 என வென்று தென்னாபிரிக்கா மீண்டும் சர்வதேச அரங்கேறியது. அப்போது ஏஸின் ஆட்டக்காலம் முடிந்திருந்தது. 2003 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்டப் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. 2006 மே மாதம் அவர் காலமானார்.