இலையில் மிஞ்சிய சோறு



பள்ளி விடுமுறையில் ஒருநாள், எங்கள் தாமானில் உள்ள வாழையிலை உணவகத்திற்கு இரவு உணவுக்காகக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். என் தந்தையின் மூத்த சகோதரியான பெரியத்தையும் உடன் வந்திருந்தார். அவருக்கு வயது 88. முக்கால் மணி நேரம் காத்திருந்த பின்னர் வந்த சோறு, ஆறிப்போய் அரைவேக்காடாக இருந்தது. இரசத்தில் புளிப்பைத் தவிர வேறு சுவை இல்லை. அப்பளம் நமுத்திருந்தது. பிள்ளைகள் இரண்டு வாய் உண்டுவிட்டு இலையை ஒதுக்கினர். நானும் பாதியில் நிறுத்திவிட்டு, முதலாளியிடம் குறை சொல்ல எழுந்தேன்.

அப்பொழுதுதான் பெரியத்தையின் இலையைக் கவனித்தேன். ஒரு பருக்கையும் மிச்சமில்லை. நிறைவாக உண்டதன் அடையாளமாக இலையைத் தம் பக்கமாக மடித்திருந்தார்.

“உங்களுக்குப் பிடித்திருந்ததா, அத்தை?” என்று கேட்டேன்.

“கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா, சோறாச்சேய்யா!” என்றார்.

வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னவை ஜப்பான்காரன் காலத்துச் செய்திகள். தோட்டத்து லயத்தில் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்கே உணவாம். நோயாளிக்குக் கஞ்சி வைக்கக்கூட ஒரு பிடி அரிசிக்கு அலைந்தார்களாம்.

இதன் பின்னணியை நாம் அறிந்துகொள்ள வேண்டும். போருக்கு முன்னர் மலாயா தனக்குத் தேவையான அரிசியில் பாதிக்கும் மேலாக, பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து வந்தது. இரப்பரையும் ஈயத்தையும் விற்று அரிசி வாங்கிய நாடு இது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் இரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி வரத்தும் குறைந்தது. பால்மரம் சீவி வாழ்ந்தவர்கள் வேலையையும் சோற்றையும் ஒருசேர இழந்தனர்.

அந்த வேளையில்தான், கூலியும் உணவும் தருவதாகச் சொல்லிச் சயாம் இரயில் பாதைக்கு ஆள் சேர்த்தார்கள். பின்னர் வலுக்கட்டாயமாகவும் பிடித்துச் சென்றார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் சுமார் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பசியாலும் காலரா, மலேரியா முதலிய நோய்களாலும் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர்.

பெரியத்தையின் சித்தப்பாவும் அவ்வாறு சென்றவர், திரும்பவில்லை. அவர் பெயரைக் கேட்டேன். “சின்னய்யான்னுதான் கூப்பிடுவோம். பேரு தெரியலையே” என்றார். கஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. என் குடும்பத்திலேயே அப்பெயர் அழிந்துவிட்டது. மாணவர்களுக்கு வரலாறு போதிக்கும் நான், இத்தனை ஆண்டுகளாக அவரிடம் ஒருமுறையும் இதைக் கேட்டதில்லை. அன்றைய உணவைவிட இதுவே எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பணம் வாங்கும் உணவகம் நன்றாகச் சமைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், அன்று நான் குறை சொல்லாமலே வெளியேறினேன்.

பெற்றோர்களே, அக்காலத்தை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்போர் யாவரும் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். உங்கள் வீட்டில் அத்தகைய பெரியவர் இருப்பின், இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளை அவரருகில் அமரச் செய்யுங்கள். எந்தத் தோட்டம், யார் சென்றார், யார் திரும்பினார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மறவாமல் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.