சைலோசைபின் துணையுடனான உளச்சிகிச்சை

சிலவகைக் காளான்களில் இயற்கையாக அமைந்துள்ள சைலோசைபின் என்னும் வேதிப்பொருளை நோயாளிக்கு அளவோடு கொடுத்து, அதனால் நேரும் மனநிலை மாற்றத்தின்போது பயிற்சி பெற்றோர் உடனிருந்து, அந்த அனுபவத்தைப் பின்னர் அவரோடு பேசித் தெளிவுபடுத்தும் மருத்துவமுறை இப்பெயரால் வழங்கப்படுகிறது. புலனுணர்வையும் காலவுணர்வையும் ‘நான்’ என்னும் உணர்வையும் தற்காலிகமாக மாற்றும் இத்தகைய பொருள்கள் சைக்கடெலிக் மருந்துகள் எனப்படும்; எல்.எஸ்.டி.யும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தில் வாழும் மசாட்டெக் மக்கள் இக்காளான்களை நோய்தீர்க்கும் இரவுச் சடங்குகளில் உண்டுவந்தனர். மரியா சபீனா என்னும் மருத்துவச்சி நடத்திய அத்தகைய சடங்கில் 1955-இல் பங்கேற்ற அமெரிக்கரான கார்டன் வாசன், 1957-இல் அதனை லைஃப் இதழில் எழுதினார். மறு ஆண்டே சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். இன்றைய ஆய்வுகள் மசாட்டெக் மக்களுக்குப் பட்டுள்ள கடன் பெரிது; அது போதிய அளவு பேசப்படுவதில்லை. 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இப்பொருளைக் கடுங்கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபின் மருத்துவ ஆய்வு ஏறக்குறைய நின்றுபோய், 2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்த பிறகே வேகம் பெற்றது.

சிகிச்சை மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதலில் நோயாளியும் சிகிச்சையாளரும் சில அமர்வுகள் பேசிப் பழகுகின்றனர். மருந்து கொடுக்கும் நாளில் நோயாளி, பெரும்பாலும் 25 மில்லிகிராம் கொண்ட குளிகையை விழுங்கி, கண்களை மறைத்துக்கொண்டு, முன்பே தேர்ந்து வைத்த இசையைக் கேட்டவாறு ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்திருக்கிறார். உடனிருப்போர் அப்போது மிகக் குறைவாகவே பேசுகின்றனர். கண்டதையும் உணர்ந்ததையும் அன்றாட வாழ்வோடு இணைத்துப் பார்க்கும் உரையாடல்கள் மூன்றாம் கட்டமாகும். உடலில் சைலோசினாக மாறும் இம்மருந்து, மூளை நரம்பணுக்களிலுள்ள 5-எச்.டி.2ஏ எனப்படும் செரோட்டோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. ஆயினும் மனச்சோர்வு தணிவதற்கு இது மட்டுமே காரணமா என்பது முடிவாகவில்லை.

வழக்கமான மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு நோயுடைய 233 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் வார முடிவில் 25 மி.கி. பெற்றவர்களுள் 37 விழுக்காட்டினரும், 1 மி.கி. மட்டும் பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க நலம் அடைந்திருந்தனர். பன்னிரண்டாம் வாரம்வரை அந்நலம் நீடித்தவர்களோ முறையே 20, 10 விழுக்காட்டினரே. நம்பிக்கை தரும் இவ்வெண்களை அற்புத மருந்துக்கான சான்றாகக் காட்டுவது நோயாளிகளுக்குச் செய்யும் தீங்காகும். தமக்குக் கிடைத்தது முழு மருந்தளவா என்பதைப் பங்கேற்பாளர் எளிதில் உணர்ந்துவிடுவதால், எதிர்பார்ப்பின் பங்கையும் மருந்தின் பங்கையும் பிரித்தறிவது இத்துறையின் தலையாய இடர்ப்பாடாக இருந்துவருகிறது.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினைப் பரிந்துரைக்க இடமளித்துள்ளது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் சைலோசைபின் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகும். மனச்சிதைவு நோய் உடையவர்களும் அது குடும்பத்தில் உள்ளவர்களும் ஆய்வுகளில் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. மருந்தின் பிடியிலிருக்கும் நோயாளி பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்கக்கூடியவராதலால், ஆறுதலுக்காகக் கையைப் பற்றலாமா என்பதைக்கூட ஆயத்த அமர்விலேயே கேட்டு உறுதிசெய்துகொள்வது முறையான நடைமுறையாகக் கருதப்படுகிறது.