எண்ண மறந்த அந்த ஒருவர்

தேம்பாவணி என்ற சொல்லைக் கேட்டதும் நம் தலை நிமிர்கிறது. பரமார்த்த குருவின் கதை என்றதும் நம் இதழோரம் புன்னகை அரும்புகிறது. முன்னதை மேடையேற்றிப் போற்றுகிறோம். பின்னதைச் சிறுவர்க்கு உரியதென ஒதுக்கி வைக்கிறோம். இரண்டையும் படைத்த கை ஒன்றே என்பதை நின்று நினைப்பவர் நம்முள் சிலரே.

1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர் பெஸ்கி அடிகளார். இயேசு சபைத் துறவியாகி, தமிழகம் வந்து, வீரமாமுனிவர் என்னும் பெயரால் நம் நெஞ்சில் நிலைத்தார். 1747இல் மறைந்த அவர் விட்டுச் சென்ற செல்வங்கள் பல. 3615 பாடல்களால் வளனாரின் வாழ்வைப் பாடிய காப்பியம் ஒன்று. தமிழ் அகரமுதலிகளுக்கு வழிகாட்டிய சதுரகராதி மற்றொன்று. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் வேறொன்று. இத்துணைப் புலமை வாய்ந்த துறவி, ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கும் பேதையரின் கதையை எழுத வேண்டியது ஏன்?

அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. புதிதாக வந்த மறைப்பணியாளர் மக்களின் பேச்சுத் தமிழைப் பழக வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பயிற்சி நூலாக இக்கதையை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அமைத்தார் முனிவர். இலக்கண விதிகளால் மட்டும் ஒரு மொழி நெஞ்சில் இறங்குவதில்லை. அம்மொழி பேசுவோருடன் சேர்ந்து சிரிக்கத் தெரிந்தவனே அதைக் கற்றவன் ஆகிறான். இதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள்; அவர்களுக்கு ஏற்ற ஒரு குரு. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைக்கு வாங்குகின்றனர். அது விழுந்து உடைய, அருகே புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்துகின்றனர். 1822இல் இலண்டனில் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்ட பெஞ்சமின் பாபிங்டன், அந்நூலுக்குக் குருவின் ‘சாகசங்கள்’ என்றே பெயரிட்டார். 1826இல் துபுவா அடிகளார் இதனைப் பிரெஞ்சு மொழியில் பஞ்சதந்திரக் கதைகளோடு ஒரே நூலாகப் பாரிசில் வெளியிட்டார். காவிரி நாட்டு மூடர்களைக் கண்டு ஐரோப்பா நகைத்தது.

பிற சமயக் குருமாரை எள்ளுவதற்கே இது எழுதப்பட்டது என்பாரும் உளர். அக்கூற்றை நாம் எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. நம் மகிழ்ச்சி அடுத்தவரை இழிவுபடுத்திப் பெறும் மகிழ்ச்சியானால், அது நமக்கு நன்மை பயக்காது. எனினும் கதையையே கேட்டுப் பார்ப்போம்.

ஆற்றைக் கடந்த அறுவரும் தம்மை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணியவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ண, ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கியது என்று அழுது புரள்கின்றனர். வழிப்போக்கன் ஒருவன் காசு பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் கோலால் அடித்து எண்ண, அறுவரும் கிடைத்துவிடுகின்றனர்! இதே நகைச்சுவை 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோத்தம் என்னும் ஊர் மூடரைப் பற்றியும் வழங்கியது. ஆகவே இம்மூடத்தனம் ஒரு நாட்டுக்கோ ஒரு சமயத்துக்கோ உரியதன்று. தன்னை எண்ண மறப்பது மனித இனத்தின் பொதுச் சொத்து.

இன்னொன்றும் உண்டு. காவி உடுத்து, பல்லக்கில் ஏறி, சீடர் புடைசூழச் சென்றவர் வீரமாமுனிவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். குருவைப் பார்த்துச் சிரிக்கும் இக்கதையை எழுதியவரும் ஒரு குருவே! இதை மனத்திற்கொண்டு படித்தால், சிரிப்பின் அம்பு அடுத்தவர் மடத்தை மட்டும் நோக்கிப் பாயவில்லை என்பது தெளிவாகும்.

குதிரைப் பயணத்தை நினைப்போம். கீழே விழுந்த தலைப்பாகையைச் சீடர்கள் எடுக்கவில்லை. எடுக்கும்படி குரு சொல்லவில்லையாம். விழுவன எல்லாவற்றையும் எடுங்கள் என்றார் குரு. குதிரையின் சாணத்தையும் ஏந்திக்கொண்டனர். எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதிக் கொடுத்தார். பின்பு அவரே குழியில் விழுந்தபோது, ஓலையைப் படித்து உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டவர்கள், குருவை அங்கேயே விட்டுவிட்டனர். அவர் பெயர் ஓலையில் இல்லையே!

நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் சிறிது அமைதி நிலவுகிறது. விதியின் எழுத்தைப் பற்றிக்கொண்டு, குழியில் கிடக்கும் மனிதனை விட்டுவிட்டு நடந்த நாள்கள் நம் பங்குகளிலும் இல்லங்களிலும் இல்லையா? ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைப் பற்றி ஆண்டவர் கேட்ட கேள்வி நம் செவியில் விழவில்லையா? கண்ணில் கிடக்கும் மரக்கட்டையையும், ஊசிக் காதில் நுழையும் ஒட்டகத்தையும் காட்டிப் பேசியவர் அவர். அந்த உவமைகளைக் கேட்டவர்கள் புன்னகைக்காமல் இருந்திருப்பார்களா?

நகைச்சுவை சிறிதும் அற்றிருப்பதும், பிறர் மகிழ்ச்சிக்கு இடையூறாக இருப்பதும் குறையே என்று புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் எழுதியுள்ளார். எனவே கற்பனைக் கதைகளைச் சுவைப்பதற்கு நாம் நாண வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் வேடிக்கைக் கதை நூலும் கையுமாக இருக்கும்போது முகம் சுளிக்கவும் வேண்டியதில்லை. அவர்களருகே அமர்ந்து நாமும் படிப்போம். ஆனால் படித்து முடித்தபின் மூடர்களை ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் குறைந்தால் அழ வேண்டாம்; அந்த ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும்.